தாலியும் பதிவேடும்
தென்னாப்பிரிக்கத் தமிழரின் மண உரிமை வரலாறு

திருமணத்திற்குச் சாட்சி வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் கற்பியலில் கரணம் என்னும் மணச்சடங்கைக் கூறுமிடத்து, மக்களிடையே பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மூத்தோர் அதனை வகுத்தனர் எனக் காரணமும் காட்டுகின்றார். ஒருத்தியை மணந்தவன், நாளை அவளை மணக்கவில்லை என்று கூறிவிடக் கூடும். அக்கூற்றை மறுத்துரைக்கப் பலர் அறிந்த சடங்கு ஒன்று தேவைப்பட்டது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணச் செய்தியை யானை மீதமர்ந்த மகளிர் புகார் நகரெங்கும் அறிவித்தனர் என்று இளங்கோவடிகள் கூறுவதும் இக்கருத்தையே வலியுறுத்தும்.

தமிழகத்துச் சிற்றூர்களில் இந்த ஏற்பாடு நெடுங்காலம் குறைவின்றி நடந்து வந்தது. பந்தற்கால் நட்டது யார், தாலி எடுத்துக் கொடுத்தது யார், மாமன் சீர் எவ்வளவு, மொய் எழுதியவர் எத்தனை பேர் என்பனவெல்லாம் ஊரார்க்குத் தெரியும். மணமக்களின் பாட்டன் பூட்டன் பெயரும் தெரியும். வழக்கு ஏற்பட்டால் ஊரே கூடிச் சாட்சி சொல்லும். சுருங்கக் கூறின், ஊரே பதிவேடாக இருந்தது.

பிழைப்பைத் தேடித் தமிழன் கப்பலேறியபோது, உடைமைகளோடு மனைவி மக்களையும் அழைத்துச் செல்ல முடிந்தது. ஆனால் ஊரை உடன் கொண்டு செல்ல முடியவில்லை. அதனால் விளைந்த இடர் எத்தகையது, அதனை நம்மவர் எவ்வாறு எதிர்த்து நின்றனர் என்பதைத் தென்னாப்பிரிக்கத் தமிழரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கப்பல் ஏடும் பாதுகாவலர் ஏடும்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர் 342 பேர். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். மலாயாவில் சஞ்சிக்கூலி முறை என்று வழங்கியதும் இதுவே. 1911ஆம் ஆண்டில் இம்முறை நேட்டாலில் நிறுத்தப்படும் வரையில் 1,52,184 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தென்னாட்டவர்.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அவ்வெண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள அங்க அடையாளம் ஆகியவை கப்பல் ஏட்டில் எழுதப்பட்டன. முதலாளிக்கு ஆள் கணக்கு வேண்டும். ஓடிப்போனால் பிடித்துவர அடையாளம் வேண்டும். அதற்காகவே இந்த ஏடு எழுந்தது. எனினும், ஊரைப் பிரிந்து வந்த மக்களின் ஊர்ப்பெயரை எழுத்தில் காத்து வைத்ததும் இதுவே.

மணப் பதிவு இதனினும் சிக்கலானது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைந்த தோட்டங்களில் குடும்ப வாழ்க்கை நிலைகுலைவது இயல்பே. ஒருவன் மனைவியை மற்றொருவன் அழைத்துச் சென்றான் என்றும், பெண்ணைத் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்றுக்கொண்டு ஏமாற்றினர் என்றும் வழக்குகள் எழுந்தன. தாலி கட்டியதற்குச் சான்று கேட்டால், சான்று சொல்ல வேண்டிய உறவினர் தஞ்சையிலோ வட ஆர்க்காட்டிலோ இருந்தனர்.

1872ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. 1891ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகளை ஒன்று திரட்டியபோது, மணத்தையும் மணமுறிவையும் பற்றிய விதிகளையும் விரிவாக வகுத்தது. இதன்படி ஆணும் பெண்ணும் தம் மணத்தைப் பாதுகாவலரின் ஏட்டில் பதிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துக் கோயிலில் பூசாரி முன்னிலையில், மேளம் கொட்டித் தாலி கட்டியிருப்பினும், அச்சடங்கு மட்டும் சட்டத்தின் முன் போதாது.

இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி முதலாளியின் அனுமதிச் சீட்டு இன்றித் தோட்டத்தை விட்டு வெளியே செல்லலாகாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், சீட்டும் பெற்று, ஒருநாள் கூலியும் இழந்து, அலுவலகத்திற்குச் சென்று பதிவது எளிதன்று. இறைவன் முன்னிலையில் நடந்த மணத்தை எழுத்தர் ஒருவர் ஏட்டில் எழுதித்தான் உறுதிப்படுத்த வேண்டுமா என்றும் பலர் எண்ணினர். ஆகவே, தாலியைக் கட்டிப் பதிவை விட்டுவிட்ட குடும்பங்கள் பல உண்டாயின.

மூன்று பவுன் வரி

ஒப்பந்தம் முடிந்தவர் மீண்டும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அல்லது இந்தியாவிற்குத் திரும்ப வேண்டும். இரண்டும் செய்யாது நேட்டாலிலேயே தங்கினால் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும். 1895ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு விதித்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டுக் கூலி மாதம் பத்துச் சில்லிங்கு மட்டுமே. எனவே மூன்று பவுன் என்பது ஆறு மாதக் கூலிக்கு ஈடாகும். 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதினாறு வயது நிரம்பிய ஆண் மக்களும், பதின்மூன்று வயது நிரம்பிய பெண் மக்களும் இவ்வரிக்கு உள்ளாயினர். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் கட்ட நேர்ந்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காணலாம். வரி வாங்கும்போது மனைவி என்றும் மகள் என்றும் அரசாங்கம் கணக்கிட்டது. அம்மனைவியே தன் உரிமையைக் கேட்டபோது, நீ மனைவி என்பதற்குச் சான்று எங்கே என்று வினவியது.

1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு

ஒப்பந்தத் தொழிலாளர்க்கேனும் பாதுகாவலரின் ஏடு ஒன்று இருந்தது. தம் சொந்தச் செலவில் வந்து வணிகமும் கைத்தொழிலும் செய்துவந்த இந்தியர்க்கு அதுவும் இல்லை. அவர்கள் ஊருக்குச் சென்று மணமுடித்து, மனைவியைப் பின்னர் வரவழைத்துக்கொள்வது வழக்கம்.

போர்ட் எலிசபெத்து நகரில் வாழ்ந்த முஸ்லிம் ஒருவர் அவ்வாறே தம் மனைவியை அழைத்து வந்தார். குடியேற்ற அதிகாரிகள் அப்பெண்ணை இறங்க விடவில்லை. வழக்கு கேப் மாநில உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்தை ஏற்கும் சமய முறைப்படி நடந்த மணம், தென்னாப்பிரிக்கச் சட்டத்தின்படி மணமாகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பின் கடுமையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அந்த மனிதருக்கு மனைவி எத்தனை பேர் என்பது இங்கே கேள்வியன்று. ஒருத்தியோடு மட்டுமே வாழ்ந்தாலும், அவர் சமயம் இன்னொருத்தியை மணக்க இடந்தருகிறது என்பதற்காகவே அவர் மணம் ஏற்கப்படவில்லை. அக்காலத்து இந்து மணமும் அவ்வாறே இன்னொரு மணத்திற்கு இடந்தந்தது. எனவே, ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில் கூறப்பட்ட தீர்ப்பு, கிறித்தவ முறைப்படியோ பதிவதிகாரி முன்னிலையிலோ நடவாத இந்திய மணங்கள் அனைத்தின் மேலும் நிழல் வீழ்த்தியது. மணந்த மனைவியர் ஆசைநாயகியர் நிலைக்குத் தாழ்த்தப்பட்டனர், அவர்தம் பிள்ளைகள் தந்தையின் சொத்துக்கு உரிமையற்றவராயினர் என்று காந்தியடிகள் மக்களுக்கு எடுத்துரைத்தார்.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், சமயச் சடங்குப்படி முறையாக நடந்த ஒருதார மணத்தின் மனைவியையும் மக்களையும் அனுமதிக்கலாம் என்றது. கேட்பதற்கு இது நன்றாகவே இருந்தது. ஆயினும், 'ஒருதார மணம்' என்னும் சொல்லுக்கு நீதிமன்றம் கொண்ட பொருளை மாற்றாத வரையில் இச்சலுகையினால் பயனில்லை.

பெண்கள் எழுந்தனர்

இதற்கு முன் நடந்த சத்தியாக்கிரகங்களில் சிறை சென்றவர் ஆடவர். மணமே கேள்விக்குறியானபோது மகளிர் வாளாவிருக்கவில்லை. 1913 மே மாதத்திலேயே டிரான்சுவால் இந்திய மகளிர் சங்கத்தினர், இக்குறை தீராவிடில் தாமும் சத்தியாக்கிரகத்தில் இறங்குவதாக அமைச்சருக்கு அறிவித்தனர். செப்டம்பர் மாதம் கஸ்தூரிபாய் அடங்கிய பீனிக்சுக் குழுவினர் எல்லையைக் கடந்து கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட மகளிர் பதினொருவர். தம்பி நாயுடுவின் மனைவியார் உட்பட அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சிலர் கைக்குழந்தையோடு சென்றனர். உரிமச் சீட்டு இல்லாமல் கூடையில் பொருள் விற்றும், எல்லையைக் கடந்தும் அவர்கள் சட்டத்தை மீறிய போதும், முதலில் அவர்களைக் கைது செய்வார் இல்லை. அவர்கள் நியூகாசில் நகருக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பேசினர். அத்தொழிலாளரில் பலர் தமிழர். மூன்று பவுன் வரியின் கொடுமையைத் தம் வீட்டுப் பெண்கள் போன்றோர் வந்து தமிழிலேயே எடுத்துரைத்தபோது அவர்கள் உள்ளம் கொதித்தது. அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் பின்னரே அம்மகளிர் கைது செய்யப்பட்டு மூன்று மாதக் கடுங்காவலுக்கு அனுப்பப்பட்டனர்.

நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் தலைமையில் எல்லை நோக்கி நடந்தவர்கள் ஆடவர் 2,037 பேர், பெண்டிர் 127 பேர், சிறுவர் 57 பேர். கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. பிற்பாடு சிறை சென்ற மகளிருள் ஒருவரே தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்று வெளிவந்த அவர், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் உயிர் நீத்தார். அவருக்கு மணமாகவில்லை. பிற பெண்களின் மண உரிமையும் அடங்கிய ஒரு போராட்டத்தில் அச்சிறுமி உயிரைக் கொடுத்தாள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நெகிழாதார் யார்?

1914ஆம் ஆண்டு நிவாரணச் சட்டம்

அரசாங்கம் அமைத்த சாலமன் ஆணைக்குழு 1914 மார்ச்சில் அறிக்கை அளித்தது. அதனையொட்டி அவ்வாண்டின் 22ஆம் எண் சட்டமாகிய இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. மணத்தைப் பற்றி அச்சட்டம் செய்த ஏற்பாடுகள் மூன்று.

முதலாவது, இந்தியச் சமயங்களைச் சேர்ந்த குருமாரையே மணப் பதிவதிகாரிகளாக நியமிக்க வழி ஏற்பட்டது. சடங்கும் பதிவும் ஒருவர் கையாலேயே நடைபெறலாயின.

இரண்டாவது, முன்னரே தம் சமய முறைப்படி மணந்து ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்ந்துவந்தவர் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால், அம்மணத்தைப் பதிந்துகொள்ளலாம். பதிந்த நாளிலிருந்தன்று, மணம் நடந்த நாளிலிருந்தே அது செல்லும் என்று சட்டம் கூறிற்று. இதனால் இடைக்காலத்தில் பிறந்த பிள்ளைகளின் உரிமை காக்கப்பட்டது. இச்சிறு விதியே இச்சட்டத்தின் உயிர் எனலாம்.

மூன்றாவது, இந்நாட்டில் குடியுரிமை பெற்று வாழும் ஒருவர், தம் மனைவி ஒருத்தியையும் அவள் மக்களையும் இந்தியாவிலிருந்து அழைத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

1914 ஜூலை 18ஆம் நாள் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். புறப்படுமுன், ஜோகன்னஸ்பர்க்கில் வள்ளியம்மைக்கும், 1909இல் உயிர் துறந்த நாகப்பனுக்கும் எழுப்பப்பட்ட நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார்.

இச்சட்டத்தோடு குறைகள் யாவும் தீர்ந்துவிடவில்லை. பதிவு செய்யாது சமயச் சடங்கோடு நிறுத்திக்கொண்ட மனைவியர், கணவன் இறந்தபின் சொத்துரிமைக்கு அல்லலுறுவது தொடர்ந்தது. முஸ்லிம் மணங்களை ஏற்காத சட்டநிலை அரசியலமைப்புக்கு முரணானது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஜூன் மாதத்தில்தான். சியர்ல் தீர்ப்பிற்கும் அதற்கும் இடைப்பட்ட காலம் நூற்றொன்பது ஆண்டுகள்.

ஏட்டில் முன்னோரைத் தேடுதல்

கூலிகளை எண்ணுவதற்காக எழுதப்பட்ட ஏடுகள் இன்று வேறொரு பணியைச் செய்கின்றன. கப்பல் ஏடுகளும் பாதுகாவலர் அலுவலகத் தாள்களும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தம் பாட்டன் எந்த ஊரான் என்று அறிய விரும்பும் தென்னாப்பிரிக்கத் தமிழர் அவற்றைத் தேடிச் செல்கின்றனர்.

தேடுவோர்க்கு முதற்கருவி முன்னோரின் எண்ணாகும். ஒரே கிராமத்தில் முனியன் என்னும் பெயருடையார் பத்துப் பேர் இருப்பர். ஆனால் ஓர் எண் ஒருவருக்கே உரியது. பழைய ஒப்பந்த விடுதலைச் சீட்டு, பிறப்புச் சான்று, மணச் சான்று ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் அவ்வெண் எழுதப்பட்டிருக்கும். அதனைக் கொண்டு கப்பல் ஏட்டைப் புரட்டினால் தந்தை பெயரும் கிராமமும் கிடைக்கும்.

எண் கிடைக்காதவர், குடும்பத்தில் கடைசியாக இறந்தவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். அந்நாட்டில் ஒருவர் இறந்தபின் சொத்து விவகாரத்திற்காக எழுதப்படும் இறப்பறிவிப்பில், பிறந்த இடம், கணவன் அல்லது மனைவியின் பெயர், மணம் நடந்த இடம், பிள்ளைகளின் பெயர் ஆகியன காணப்படும். அவ்வறிவிப்பிலிருந்து மணச் சான்றுக்கும், மணச் சான்றிலிருந்து பெற்றோர் பெயருக்கும் செல்லலாம்.

பெயர்களின் எழுத்துவடிவில் விழிப்பாக இருத்தல் வேண்டும். தமிழறியாத எழுத்தர் காதிற் கேட்டவாறு ஆங்கிலத்தில் எழுதினர். முதலியார் 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். முனிசாமி 'மூன்சாமி' ஆனார். சாதிப்பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டதும் உண்டு. ஆகவே ஒரு பெயரை நான்கைந்து எழுத்துமுறைகளில் தேடிப் பார்ப்பவரே பயன் பெறுவர்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆடவனின் பெயர் கப்பல் ஏடு, கூலிக் கணக்கு, வரிப் பட்டியல் எனப் பல இடங்களில் இருக்கும். அந்நாட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே உழைத்து மறைந்த பெண்ணின் பெயரோ மணப் பதிவில் மட்டுமே இருப்பதுண்டு. அப்பதிவு இல்லையேல், பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் பெயரும் இல்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும்

மலாயாத் தோட்டங்களின் கதையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்போதும் இங்கே இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் கூட இல்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, லயத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு ஏட்டுப் பதிவு இல்லை. கங்காணியும் கிராணியும் அறிந்திருந்ததே சாட்சி. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் சிதறியபோது அச்சாட்சியும் சிதறியது.

சிங்கப்பூரில் 1961 செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மகளிர் சாசனமும், மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச்சு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருமண மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டமும் முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கின. அந்நாள்களுக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைப் பதியப்பட்டவையாகவே அவை கருதின. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் நல்லெண்ணம் இவற்றிலும் இருப்பதைக் காணலாம்.

மலேசியச் சட்டப்படி மணமக்கள் முதலில் பதிவிலாகாவில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது இருபத்தொரு நாள் பலரறிய ஒட்டப்படும். தடை கூறுவார் இல்லையெனில் சான்று வழங்கப்படும். பின்னர் ஆறு மாதத்திற்குள், சாட்சிகள் இருவர் முன்னிலையில் மணம் பதியப்பட வேண்டும். துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் உள்ள கோயில்களிலும் இதனைச் செய்யலாம். யானை மேலேறி அறிவித்ததற்கும், சுவரில் அறிவிப்பு ஒட்டுவதற்கும் நோக்கம் ஒன்றே.

இன்றும் தாலி கட்டியதோடு நின்றுவிடும் குடும்பங்கள் சில உள்ளன. கணவன் வேலையிடத்தில் இறந்தால், சொக்சோ உதவித்தொகை கேட்கும் மனைவியிடம் முதலில் கேட்கப்படுவது மணச் சான்றே. தந்தை மலேசியக் குடிமகனாகவும் தாய் அயல்நாட்டவராகவும் இருந்து, மணமும் பதியப்படாதிருந்தால், பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்பது அரசியலமைப்பின் விதி. இந்நாட்டிலேயே பிறந்த குழந்தை, பள்ளியில் சேரும் நாளில் அயலாராக நிற்க நேரிடுகிறது. பெற்றோர் ஒரு நாள் செய்யாது விட்டதற்குப் பிள்ளை பல்லாண்டு துன்புறுகிறது.

தென்னாப்பிரிக்கத் தமிழ் மகளிர் சிறையில் துன்புற்றது, தம் மணம் ஏட்டில் ஏறுவதற்கும் சட்டத்தின் மதிப்பைப் பெறுவதற்குமே. அவர்கள் போராடிப் பெற்றது இங்கே ஒரு விண்ணப்பத்தில் கிடைக்கிறது. திருமண அழைப்பிதழுக்கும் மண்டபத்திற்கும் நாள் குறிக்கும் பெற்றோர், அவற்றுக்கு முன்னரே பதிவிலாகாவிற்கும் நாள் குறித்தல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோரின் மணச் சான்று, பிறப்புச் சான்று, பழைய அழைப்பிதழ் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தலும் வேண்டும். ஊர் மாறும், தோட்டம் மறையும், சாட்சி சொன்னோரும் மறைவர். எழுதி வைத்ததே நிற்கும்.